போயிட்டா என்று சொன்னவர்

லிஃப்ட் பழுதுபார்ப்பது அவர் வேலை. ஐம்பத்திரண்டு வயதில் பாதிக்கு மேல் அடுக்குமாடிகளின் உச்சியில், கிரீஸ் நாற்றமடிக்கும் இயந்திர அறைகளில் கழிந்திருந்தது. வேலைக்கு முன் ஒரு காபி, முடிந்ததும் ஒரு காபி. இரண்டுமே நான்கு மேசை போட்ட ஒரு சின்னக் கடையில்தான். ஆறு பேர் உட்கார்ந்துவிட்டால் ஏழாவது ஆள் வயிற்றை எக்கிக்கொண்டுதான் நுழைய வேண்டும். கடையை நடத்திய பெண் அவரைவிட இளையவள். இருந்தாலும் ஊரே அக்கா என்றதால் அவருக்கும் அக்கா.

ஒருநாள் அவர் சட்டையில் இரண்டு பொத்தான் இல்லாததை அவள் பார்த்துவிட்டாள்.

“வீட்ல தெச்சுக் குடுக்க ஆளில்லையா?”

“அவ போயிட்டாக்கா.”

மனைவி கோபித்துக்கொண்டு தன் தங்கை வீட்டுக்குப் போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. ‘இதைத் தின்னுறதுக்குப் பட்டினி கிடக்கலாம்’ என்று மகள் எதிரிலேயே தட்டைத் தள்ளிவிட்டவர் அவர்தான்.

அக்காவின் முகம் இளகிவிட்டது. “எங்க வீட்டுக்காரரும் போய்ச் சேந்து மூணு வருஷமாச்சு” என்றாள்.

அவள் என்ன நினைத்துக்கொண்டாள் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஒரு வார்த்தையில் திருத்தியிருக்கலாம். ஆனால், ஏன் போனாள் என்ற அடுத்த கேள்வி வருமே! காபியோடு சேர்த்து விழுங்கிவிட்டார்.

அன்றிலிருந்து அந்தக் கடையில் அவருக்குத் தனி மரியாதை. அக்காவே பொத்தான் தைத்துக் கொடுத்தாள். வாடிக்கையாக வரும் தபால்காரர் போகும்போது தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போவார். பொய் சொல்லவில்லையே என்று அவர் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். ஒரு மழை நாளில் அந்தச் சமாதானமும் போயிற்று. கடையில் வேறு யாரும் இல்லாதபோது அக்கா சொன்னாள்:

“காலைல எழுந்ததும் கை தானா ரெண்டு கப்பை எடுத்து வெச்சுடுது. யாருகிட்டயும் சொன்னதில்ல, சிரிப்பாங்க.”

“எனக்கும் அப்படித்தான்க்கா” என்றார் அவர்.

ஒன்றரை வருடம் கழித்து, ஒரு மாலை, கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள்.

“லிஃப்ட் மெக்கானிக் ஒருத்தர் இங்கதான் இருப்பாருன்னாங்க. நான் அவரு சம்சாரம்.”

தபால்காரரின் கையிலிருந்த கப் பாதி வழியில் நின்றது. அக்கா மெக்கானிக்கை ஒரே ஒரு முறை பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, “உக்காருங்கம்மா, காபி குடிங்க” என்றாள்.

மகளுக்கு அடுத்த வாரம் பதிவுத் திருமணம் என்று சொல்லத்தான் மனைவி வந்திருந்தாள். “அப்பா வரணும்னு ஆசைப்படுறா. நானும்தான்” என்றவள், அவரைக் கவனித்து, “இளைச்சுட்டீங்களே” என்றாள். அதைக் கேட்டதும் அவருக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. வாயாலேயே தன்னைக் கொன்றுபோட்டவரைப் பார்த்து உடம்பை விசாரிக்கிறாள்!

திருமணத்துக்குப் போய்வந்தார். கடைக்கு மட்டும் போகவில்லை. அந்தத் தெருவையே தவிர்த்து இரண்டு தெரு சுற்றி வேலைக்குப் போனார். பதினோராம் நாள் காலை, அக்கா கடை திறக்கும் நேரத்துக்குப் போய் நின்றார்.

“அக்கா, நான்...”

“போயிட்டான்னுதானே சொன்னீங்க. நான் தப்பா எடுத்துக்கிட்டேன்னு விட்டுடலாம்.” பால் பாத்திரத்திலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை. “அந்தக் கப்பு விஷயம் சொன்னேனே, அப்போ எனக்கும்தான்னு சொல்ல எப்படி வாய் வந்துச்சு?”

தலையைக் குனிந்துகொண்டு, “தப்புதான்” என்றார்.

“காபி குடிக்க வாங்க, குடுக்கிறது என் தொழில். மத்தபடி என்கிட்ட பேச்சு வேண்டாம்.”

தபால்காரர் வந்ததும் அவரிடமும் சொன்னார். தட்டைத் தள்ளியது முதல் ஒன்றையும் மறைக்கவில்லை. தபால்காரர் முழுதும் கேட்டுவிட்டு, “ஓ” என்றார். செய்தித்தாளை எடுத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய் உட்கார்ந்தார்.

மெக்கானிக்கின் காபி ஆறிப்போயிருந்தது. அதைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்பினார். மறுநாளும் வந்தார்.