ஆயுத பூஜையன்று அணைத்த கணினி

எங்கள் தெருவில் ஆயுத பூஜையன்று எந்தத் தறியும் ஓடாது. அந்த வருடம், பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த என் மகள் எழுதிய புரோகிராம் மட்டும் இரண்டு நாளாகக் கணினியில் கோடு கோடாக ஒரு படத்தை வரைந்துகொண்டிருந்தது. மறுநாள் டிசைன் கல்லூரிக்கு அனுப்ப வேண்டிய படம். அவள் குளிக்கப் போயிருந்தபோது, சந்தனப் பொட்டு வைப்பதற்காகக் கணினியை அணைத்தேன்.

“ஏன்பா நிறுத்துன?”

“இன்னிக்கு எதுவும் ஓடக்கூடாதும்மா. பூஜை முடிஞ்சதும் மறுபடி போட்டுக்கோ.”

“போட்டா வேற படம்தான்பா வரும். ஒவ்வொரு வாட்டியும் அது புதுசா வரையும். இது இனிமே வராது.”

“மெஷின் வரையறதுக்கு இவ்ளோ அலட்டலா?” என்று சிரித்தேன்.

அவள் விண்ணப்பமே அனுப்பவில்லை. இன்று வங்கியில் வேலை பார்க்கிறாள். அந்தப் படங்களைப் பற்றிக் கேட்டால், “அதெல்லாம் அப்பவே போச்சுப்பா” என்கிறாள்.

கணினியை அணைத்தது தெரியாமல் செய்தது என்று சொல்லிக்கொள்ளலாம். சிரித்ததற்கு என்ன சொல்வது?