இருநூற்றுப் பன்னிரண்டாம் வரி

அந்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு என் எடிட்டர் வேலை செய்ய மறுத்தது. எடிட்டர் என்று நான் சொல்வது கணினியில் நிரல் எழுதுகிற மென்பொருளை. எழுத்து சம்பந்தப்பட்ட எதையும் நான் அதில்தான் செய்வேன். சாயங்காலம் நாலு மணிக்குள் அக்காவின் ஐந்து பக்கங்கள் அதன் வழியாகத் தமிழாகி, எர்ணாகுளத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர வேண்டும்.

தமிழாகி என்பதும் சரியில்லை. அவை ஏற்கெனவே தமிழ்தான், மலையாள எழுத்தில் இருந்தன. மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டில் பேசுவது தமிழ், பள்ளியில் படித்தது மலையாளம். அதனால் சாமான் லிஸ்ட், வாட்ஸாப், சண்டை எல்லாமே மலையாள எழுத்தில் தமிழாக ஓடும். அச்சிட்ட தமிழை எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவோம். எழுதச் சொன்னால் அன்றைக்கு எனக்கே வரிக்கு நாலு பிழை வரும்.

ஆஸ்பத்திரிக்கு வருகிற தமிழ்நாட்டுக் கட்டடத் தொழிலாளிகளிடம், ஹோட்டல் வேலைக்காரர்களிடம் பேச ஓர் ஆள் வேண்டுமாம். ஆபரேஷனுக்குப் பிறகு என்ன செய்யலாம், என்ன கூடாது என்று தமிழில் எழுதி அனுப்புவதுதான் முதல் பரீட்சை. அக்கா மூன்று வருடமாகச் சுள்ளிக்கலில் ஒரு துணிக்கடையில் நின்றுகொண்டே வேலை பார்க்கிறாள். ராத்திரி வந்து கால் வீக்கத்துக்கு வெந்நீர் வைப்பாள். இந்த வேலை அவளுக்கு வேண்டும்.

மலையாள எழுத்தைத் தமிழ் எழுத்தாக மாற்ற என் எடிட்டரில் ஒரு பேக்கேஜ் இருந்தது. பேக்கேஜ் என்றால் யாரோ எழுதி எல்லோருக்கும் கொடுக்கிற கூடுதல் துண்டு. நான் அப்படி முப்பத்தெட்டு சேர்த்து வைத்திருந்தேன். அவற்றில் பாதியைக் கல்லூரி முதல் வருஷத்துக்குப் பிறகு தொட்டதே இல்லை. ஆனால் முந்தைய நாள் எடிட்டரை மட்டும் புதிய பதிப்புக்கு மாற்றியிருந்தேன். புதியது வந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது.

"நாளைக்கு எனக்கு வேலை இருக்குன்னு தெரிஞ்சும் ஏண்டி அதுல கை வச்ச?"

"ரெண்டு நிமிஷம்க்கா. சரியாக்கிடுவேன்."

"உன் ரெண்டு நிமிஷம் எனக்குத் தெரியாதா!"

அம்மா அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள். "அத ஒரு தடவ ஓஃப் பண்ணி ஓண் பண்ணு."

அதையும் செய்தேன். திரையில் சிவப்பு எழுத்தில் ஒரு பிழைச் செய்தி வந்தது: மாற்றும் பேக்கேஜில் இருநூற்றுப் பன்னிரண்டாம் வரி, இல்லாத ஒரு கட்டளையைக் கூப்பிடுகிறது. பழைய பேக்கேஜ், புதிய எடிட்டர், சண்டை வரத்தானே செய்யும் என்று நினைத்து, ஒரே அமுக்கில் முப்பத்தெட்டையும் அப்டேட் செய்தேன். ஒரு பிழைக்குப் பதில் மூன்று வந்தன.

அக்கா வலைத்தளங்களில் முயன்று பார்த்தாள். அவை மலையாள எழுத்தைக் கண்டதும் மலையாளம் என்றே முடிவு கட்டி மொழிபெயர்த்துத் தள்ளின. போனில் பேசி எழுத வைத்தால் எங்கள் வீட்டுத் தமிழ் அதற்குப் பிடிபடவில்லை. பார்க்கச் சகிக்காமல் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

நான் ஒரு தாளை எடுத்தேன். இனி அவசரம் இல்லை, ஒவ்வொன்றாகத்தான். பேக்கேஜ் எதுவும் இல்லாமல் எடிட்டரைத் திறந்தேன், மணியாகத் திறந்தது. சரி, எடிட்டர் மேல் குற்றமில்லை. பாதியை மட்டும் சேர்த்துத் திறந்தேன். பிழை வந்தால் அந்தப் பாதியில் பாதி, வராவிட்டால் மறுபாதி. இப்படிக் குறைத்துக்கொண்டே போனதில் இரண்டு பேக்கேஜ்கள் சிக்கின. அந்த இரண்டும் எனக்குத் தேவையே இல்லாதவை, தூக்கி எறிந்தேன். ஜும்மா தொழுகை முடிந்து அத்தா வந்து செருப்பைக் கழற்றும்போது மிச்சம் ஒரே ஒரு பிழை, காலையில் பார்த்த அதே இருநூற்றுப் பன்னிரண்டாம் வரி.

மாற்றும் பேக்கேஜை அழித்து, மறுபடி இறக்கினேன். அதே பிழை. இன்னொரு தடவை. அதே.

"என்னடி, ஒண்ணும் மிண்டாம, வாயே தொறக்காம இருக்க?" அக்காவின் குரலில் கேலி போய்விட்டிருந்தது. மணி இரண்டேகால். "முடியாதுன்னா சொல்லிடு. தப்பும் தவறுமா கையால எழுதி போட்டோ எடுத்து அனுப்பறேன்."

"கொஞ்சம் சும்மா இரு, அக்கா."

பேக்கேஜின் புதிய பதிப்பைத் திறந்து வரிகளை எண்ணிப் பார்த்தேன். மொத்தமே நூற்றெண்பது வரிதான். அப்புறம் எங்கிருந்து வந்தது இருநூற்றுப் பன்னிரண்டு? நான் புதியதை மாற்றி மாற்றி இறக்க, எடிட்டர் வேறு எதையோ படித்துக்கொண்டிருக்கிறது. எந்தக் கோப்பைப் படிக்கிறாய் என்று எடிட்டரிடமே கேட்க ஒரு கட்டளை உண்டு. கேட்டேன். என்னுடைய சொந்த ஃபோல்டரைக் காட்டியது.

கல்லூரியில் நான் செய்த வேலை அது. மலையாளத்தில் சொல்லின் கடைசியில் வரும் ல், ன், ர் ஒலிகளுக்குத் தனி எழுத்துகள் உண்டு. அந்தப் பேக்கேஜுக்கு அவற்றைத் தெரியாது. மலையாள எழுத்தில் தமிழ் எழுதுகிற ஆள் எங்களைத் தவிர யார் இருக்கிறார்கள்! அதனால் முழுப் பேக்கேஜையும் நகலெடுத்து, நடுவில் என் இருபது வரியைச் செருகி, முதலில் இதைத்தான் படிக்க வேண்டும் என்று எடிட்டருக்குச் சொல்லி வைத்திருந்தேன். பிறகு மறந்தே போனேன். காலையிலிருந்து ஊரான் பேக்கேஜையெல்லாம் திட்டிக்கொண்டிருந்தவள் நான்.

நகலை நீக்கினேன். பிழை போயிற்று, பக்கங்கள் மாறின. ஆனால் "கண்ணில்" என்ற இடத்தில் "கண்ணி"க்குப் பிறகு ஒரு காலிக் கட்டம். பக்கம் முழுக்கக் கட்டங்கள்.

"இது என்னடி, பல்லு போன மாதிரி?" என்றாள் அக்கா.

பழைய நகலிலிருந்து என் இருபது வரியை மட்டும் வெட்டி எடுத்தேன். பேக்கேஜுக்குள் செருகாமல் தனிக் கோப்பாக வைத்து, பேக்கேஜ் ஏறிய பிறகு ஏறும்படி செய்தேன். இரண்டு கட்டளைகளின் பெயர் மாறியிருந்தது, திருத்தினேன். மூன்றாவது முயற்சியில் கட்டங்கள் எல்லாம் எழுத்தாயின. மணி மூன்று பத்து.

அக்கா திரையில் விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். "ஒரு வாரம் தலையில் தண்ணீர் ஊற்றக் கூடாது. கண்ணைக் கசக்கக் கூடாது. கனமான சாமான் தூக்கக் கூடாது." அங்கே நின்றாள். "சிமெண்ட் மூட்டைன்னு போடு. கனமான சாமான்னா அவங்களுக்கு எது கனம்?" போட்டேன். ஹோட்டல்காரர்களுக்காக "அடுப்புப் புகையில் நிற்கக் கூடாது" என்று இன்னொரு வரியும் சேர்க்கச் சொன்னாள். நாலுக்கு ஏழு நிமிஷம் இருக்கையில் அனுப்பினோம்.

திங்கட்கிழமை கூப்பிட்டார்கள். போய்ப் பேசிக் காட்டிவிட்டு, சாயங்காலம் பஸ்ஸிலிருந்தே போன் செய்தாள். பின்னால் கண்டக்டர் அடுத்த ஸ்டாப்பை, தோப்பும்படி, தோப்பும்படி என்று கத்திக்கொண்டிருந்தார்.

"கிடைச்சிட்டுடி. ஒண்ணாம் தேதி வரச் சொல்லிட்டாங்க."

"எதப் பாத்துக்கா எடுத்தாங்க?"

"சிமெண்ட் மூட்டைய. டாக்டர் அத ரெண்டு தடவ படிக்கச் சொல்லிக் கேட்டாரு." குரலைத் தாழ்த்தினாள். "அங்க எனக்குன்னு ஒரு கசேரி போட்டிருக்காங்கடி. இன்னிக்கே உக்காந்து பாத்துட்டேன்."

பிறகு குரலை உயர்த்தினாள்: "இன்னும் நாலு நோட்டீஸ் வேணுமாம், வியாழக்கிழமைக்குள்ள. அதுவரைக்கும் அதுல எதையாவது புதுசா ஏத்தினே, கைய ஒடிச்சிடுவேன்."