லேத்துக்கு அடியில்

எனக்கு மேடையில் பேச வராது. கோபப்பட மட்டும் நன்றாக வரும். தர்மபுரிப் பக்கம் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் பிரிவுக்குப் பயிற்றுநர் நான். புதுப் பிள்ளைகள் சேர்ந்த முதல் நாள் ஐந்து நிமிடம் பேசச் சொல்லிவிட்டார்கள். என்ன பேசுவதென்று இண்டூர் பஸ்ஸில் நின்றபடியே போனில் தேடினேன். அப்போது கிடைத்தவர்தான் அந்த அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணி.

அடிமைகளாக இருந்தவர்களின் பேத்தி. தன் இனத்துப் பெண்களுக்கென்று தானே ஒரு தொழிற்பள்ளி தொடங்கியவர். தையல், அச்சு வேலையோடு வீடு கூட்டுவதையும் முறையாகப் படிக்க வேண்டிய தொழிலாகக் கற்றுக்கொடுத்தாராம். எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. கூட்டுவதற்கு எப்படிப் பரீட்சை வைத்திருப்பார்? ஃபெயில் ஆனவர்கள் உண்டா? அவரும் துடைப்பம் பிடித்தாரா? யோசனையில் இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டேன்.

துடைப்பம் பிடிப்பதில் கேவலம் ஒன்றுமில்லை என்று அன்றைக்கு முழங்கினேன். கைதட்டல் வேறு.

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஒரு வழக்கம். சாயங்காலம் பையன்கள் இரும்பைக் கடையும் லேத்துக்கு எண்ணெய் போடுவார்கள். பெண்கள் கீழே விழுந்த இரும்புச் சுருளைக் கூட்டி அள்ளுவார்கள். நான் படித்த காலத்திலும் அப்படித்தான். இந்த வருஷம் சேர்ந்தது ஒரே ஒரு பெண். மூன்று வாரம் கழித்து அவளும் நின்றுவிட்டாள்.

போன் செய்ததும் அவளுடைய அம்மா நேரிலேயே வந்தார். தெருக்கூட்டும் வேலை பார்ப்பவர், சீருடையைக்கூட மாற்றவில்லை.

“டி.சி. குடுத்துருங்க மேடம். இங்க கூட்டற வேலதான் குடுக்கறாங்கன்னு சொல்றா. ஓசூர்ல கம்பெனி வேலைக்கு அனுப்பிக்கறேன்.”

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அமெரிக்கப் பெண்மணியின் கதையை முழுசாகச் சொல்லி, “கூட்டுறது கேவலமாங்க?” என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. “கேவலம்னு ஆருங்க சொன்னா? எங்க வூட்டுல அதுலதான் அடுப்பெரியுது. எம்புள்ள மூணு வாரமா தெனமும் கூட்டியிருக்கா. மிஷினுக்கு எண்ணெ போடத் தெரியுமான்னா, தெரியாதுங்கறா. அந்தப் பசங்க ஒரு நாளாச்சும் கூட்டுனாங்களா?”

இல்லை என்று ஒப்புக்கொண்டேன். அவருக்கோ கதை மனசில் ஓடிக்கொண்டிருந்தது போல. “ஏனுங்க, அந்தம்மா தன் கையால கூட்டுனாங்களா?” என்று நிஜமான ஆவலோடு கேட்டார்.

“தெரியலைங்க. அதைத்தான் நானும் தேடிட்டிருக்கேன்.”

“நீங்க கூட்டுவீங்களா?”

படிக்கும்போது இரண்டு வருஷம் கூட்டியவள் நான். பயிற்றுநர் ஆன நாளிலிருந்து துடைப்பத்தைத் தொட்டதில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. டி.சி.க்குத் திங்கட்கிழமை சாயங்காலம் மகளோடு வரச் சொல்லி அனுப்பினேன்.

அவர் போன அன்றே சாயங்கால வேலைக்கு முறை எழுதிச் சுவரில் ஒட்டினேன். எண்ணெய் போட முதல் பெயர் அவளுடையது. கூட்டுவதற்கு முதல் பெயர் என்னுடையது, அடுத்து பையன்கள் வரிசையாக. படித்துவிட்டு ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை நான் குனிந்து கூட்டிக்கொண்டிருந்தபோது அம்மாவும் மகளும் வாசலில் வந்து நின்றார்கள். நான் நிமிரவில்லை, நிமிர்ந்தால் டி.சி. கேட்பார்களோ என்று பயம். அம்மா சுவரில் ஒட்டியிருந்ததை மகளிடம் வாசிக்கச் சொன்னார். அவள் வாசித்தாள். பிறகு உள்ளே வந்து, அலமாரியிலிருந்து எண்ணெய்க் கேனை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள்.

“மேடம், லேத்துக்கு அடியில விட்டுட்டீங்க,” என்றாள்.