நாகபாசத்தின் அடிப்பக்கம்

போன வாரம் காந்திபுரத்தில் பேரனுக்கு ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கினேன். கடையில் இருந்த பெண் அதை ஒரு பெட்டிக்குள் வைத்து மூடினாள். திறந்தால் பேரன் பெயர் விழுந்திருக்கிறது. சத்தமில்லை, தூசியில்லை, மூக்கில் ஏறும் பித்தளை வாடையும் இல்லை. இதற்காகவா நாங்கள் பெயர் வெட்டி வெட்டிக் கண்ணைக் கெடுத்துக்கொண்டோம் என்று கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

பீளமேட்டில் அப்போது எனக்கு ஒரு சின்னப் பட்டறை. பம்புசெட் வேலைக்கு ஊரே இருந்ததால், நான் பழைய வீணை, பிடில்களுக்கு உடைந்துபோன பித்தளைச் சாமான்களைச் செய்துகொடுத்தேன். பணக்காரனாகிவிடக் கூடாது என்று உறுதியாக இருப்பவனுக்கு ஏற்ற தொழில். சோற்றுக்குப் பாத்திரங்களில் பெயர் வெட்டினேன். உங்களுக்குத் தெரியாததா? எங்கள் பக்கம் பாகம் பிரிக்கும்போது அண்டாவைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். பெயர் யாருடையதோ பொருள் அவருடையது. கோர்ட்டுத் தீர்ப்புக்கு அப்பீல் உண்டு, அண்டாவுக்குக் கிடையாது.

கிணத்துக்கடவில் தோப்பும் தோட்டமுமாக இருந்த ஒரு குடும்பத்திலிருந்து பழைய வீணை ஒன்று வந்தது. வாசிப்பவர் அந்த வீட்டு அம்மா. தந்திகளை அடியில் இழுத்துப் பிடிக்கிற பித்தளைத் துண்டை நாகபாசம் என்பார்கள். அது விரிசல் விட்டிருந்தது.

"சீக்கிரம் பண்ணிக் குடுங்க தம்பி. இடது கை வெரலு மரத்துட்டே வருதுங்க. அதுக்குள்ள வாசிச்சுப்போடோணும்" என்றார்.

கொடியும் பூவுமாக வெட்டி ஒன்று செய்து முடித்தேன். உடனே மூத்த மகன் வந்தார். பாகமெல்லாம் பிரித்தாயிற்றாம், வீணை மட்டும் யாருக்கென்று முடிவாகவில்லையாம்.

"ஏனுங்க, அடிப்பக்கம் எம்பேர வெட்டிப்போடுங்க. சும்மா ஒரு அடையாளத்துக்குங்க."

வீணையை எந்தப் பக்கம் மீட்டுவது என்றுகூட அவருக்குத் தெரியாது. ஆனால் அடையாளம் முக்கியம் அல்லவா? வெட்டினேன். அப்புறம் இளையவர் வந்து கவிழ்த்துப் பார்த்தார். "அண்ணன் பேர ராவிப்போட்டு எம்பேர வெட்டுங்க" என்றார். மறுபடி பெரியவர், மறுபடி சின்னவர். கொங்குநாட்டு மரியாதைக்கு ஒரு குறையும் வரவில்லை; 'ங்க' போட்டுத்தான் ஒருவரையொருவர் அழித்தார்கள். அரம் போட்டு ராவ ராவப் பித்தளை அப்பளமாகிக்கொண்டு வந்தது.

"இன்னும் ராவினா தந்தி தாங்காதுங்க" என்றேன்.

"தந்தி கெடக்குதுங்க. பேரு நல்லாத் தெரியோணும்" என்றார் பெரியவர்.

தந்தி கட்டுகிற அன்று அந்த அம்மாவே பட்டறைக்கு வந்து உட்கார்ந்திருந்தார். சுருதி ஏற ஏற நாகபாசம் முனகியது. சரியாகப் பெயருக்கு நடுவில் மடங்க, தந்திகளெல்லாம் தொய்ந்தன. அம்மா அதைக் கையில் வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார்.

"பெரியவனா" என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

தடிமனான தகடு தேடிப் புதிதாக ஒன்று செய்தேன். பூவும் இல்லை, பெயரும் இல்லை. அதற்குள் ஒரு மழைக்காலம் போயிருந்தது. மகன்களிடம் மூச்சுவிடாமல் நானே பஸ் ஏறிப் போய், மாட்டி, சுருதி சேர்த்து அவர் முன்னால் வைத்தேன். வலது கை மீட்டியது. இடது கை மேலே வந்து படுத்துக்கொண்டது, விரல் அழுந்தவில்லை. வெறுந்தந்தியையே கொஞ்ச நேரம் மீட்டிக்கொண்டிருந்தார்.

"நல்லா நிக்குதுங்க தம்பி. நாந்தான் பிந்திப்போட்டேன்."

எதற்கும் ஒரு நக்கல் வைத்திருப்பவன் நான். அன்றைக்குச் சாமான்களைப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

அந்த அம்மா போய் வருஷங்கள் ஆகிவிட்டன. பட்டறை இருந்த இடத்தில் இப்போது பேக்கரி. தேங்காய் பன் நன்றாகத்தான் போடுகிறார்கள். தோப்பு மனைகளாகிவிட்டது, மகன்கள் ஆளுக்கொரு ஃப்ளாட்டில் இருக்கிறார்கள். அம்மாவின் காரியத்துக்குப் போனபோது, இனி அரத்துக்கு வேலை வந்துவிடும் என்று நினைத்தேன். "வீணைய எந்தம்பியே எடுத்துக்கட்டுமுங்க, எங்க ஊட்ல எடமில்லீங்க" என்றார் பெரியவர். "அண்ணனுக்குத்தானுங்க மொற" என்றார் சின்னவர். அந்த வீணையில் பெயர் வெட்டச் சொல்லி இன்றுவரை யாரும் வரவில்லை.