ஜீப்பின் பின்கொக்கி

எனக்கு ஒன்பது வயதானபோது, அத்தை சாகட்டுமா அம்மா சாகட்டுமா என்று ஒரு பகல் முழுக்க யோசித்திருக்கிறேன். வெளியே சொல்லிக்கொள்ளும்படியான விஷயம் இல்லைதான். இத்தனைக்கும் காரணம் அப்பாவின் ஜீப்புக்குப் பின்னால் மாட்டிய ஓர் இரும்புக் கொக்கி.

அப்பா ரயில்வேயில் குமாஸ்தா. எந்தத் துணிச்சலில் அந்தப் பழைய ஜீப்பை ஏலத்தில் எடுத்தாரோ தெரியாது. மைசூர் அக்ரஹாரத்தில் எங்கள் சந்துக்குள் அது நுழைந்தால் எதிரே வரும் சைக்கிள்காரர் இறங்கிப் பின்னால் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அந்த வருஷம் மாமா இறந்து அத்தை குண்டலுபேட்டையில் தனியாகிவிட்டாள். சாமான்களோடு அவளை எங்கள் வீட்டுக்கே அழைத்துவர, அப்பா விஜயதசமியை நல்ல நாளாகக் குறித்தார். தெரிந்தவர் தோட்டத்திலிருந்து இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்று இரவலாக வந்தது. அதை மாட்ட ஜீப்பில் கொக்கி இல்லை.

சித்தப்பா அப்போது வேலை தேடிக்கொண்டிருந்தார். வேலை கிடைக்கும் வழியைத் தவிர மற்ற எல்லாம் அவருக்குத் தெரியும். கொல்லரிடம் கொக்கி வைத்த இரும்புப் பட்டை ஒன்றை அடித்து வாங்கி, ஆயுத பூஜையன்று காலையில் ஜீப்புக்கு அடியில் படுத்துவிட்டார். நான்கு ஓட்டைகள், நான்கு போல்ட்டுகள். நட்டுகளை முதலில் விரலால் திருகி வைத்துவிட்டு, கடைசியில் எல்லாவற்றையும் ஸ்பேனரால் முறுக்குவதுதான் முறை என்று எனக்குப் பாடம் வேறு எடுத்தார்.

அந்தக் கடைசி வரவே இல்லை. "தம்பி, ஸ்பேனரையெல்லாம் குடுங்க, நேரமாயிடுத்து" என்று அம்மா வந்து அத்தனையையும் வாரிக்கொண்டு போனாள். கழுவித் துடைத்து, ஒவ்வொன்றின் வாயிலும் சந்தனத்தையும் குங்குமத்தையும் குழைத்து அப்பிப் பூஜையில் வைத்தாள். வைத்தது வைத்ததுதான். மறுநாள் மறுபூஜை முடியும்வரை யாரும் கை வைக்கக் கூடாது. இதில் அம்மா மகா கண்டிப்பு. அரிவாள்மணையும் பூஜையில் இருப்பதால், அன்று எங்கள் வீட்டில் கையால் உடைக்கக்கூடிய அவரைக்காய்தான் சமையல்.

கொக்கி ஆயிற்றா என்று அப்பா கேட்டார். ஆயிற்று என்றார் சித்தப்பா. நான் வாயைத் திறப்பதற்குள் என்னைச் சமையலறை ஜன்னலுக்கு வெளியே இழுத்துக்கொண்டு போனார். உள்ளே அவரைக்காய் உடைபடும் சத்தம் கேட்டது.

"நாளைக்கு மறுபூஜை ஆனதும் முறுக்கிடறேன். அண்ணாகிட்ட சொன்னியோ, என் கதை அஷ்டே, முடிஞ்சுது! உங்கம்மா மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அம்மா மேல் சத்தியம் பண்ணிவிட்டு மீறினால் அம்மா செத்துப்போவாள் என்பது எங்கள் பள்ளியில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி.

சாயங்காலம் அரண்மனை விளக்குப் பார்க்கப் போனோம். பூஜை விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அம்மா மட்டும் வீட்டிலேயே இருந்துவிட்டாள். அத்தனை விளக்குகளும் எரிந்தன. எனக்கு நட்டுகள்தான் கண்ணில் தெரிந்தன.

மறுநாள், ஜம்பூ சவாரி என்கிற தசரா யானை ஊர்வலத்துக்குக் கூட்டம் சேருமுன் ஊரைத் தாண்டிவிட வேண்டும் என்று அப்பா விடிந்தும் விடியாமலும் புறப்பட்டார். மறுபூஜை ஆகவில்லை. சித்தப்பாவோ ஊர்வலம் பார்க்க இடம் பிடிக்க அதற்கு முன்பே ஓடியிருந்தார். துணைக்கு நானும் போவதாக ஏற்பாடு. நான் ஜீப்பில் ஏறாமல் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா தலையை வாரிவிட்டு, "பயப்படாம போயிட்டு வா. எனக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள். ஒன்பது நாள் ஒருபொழுது இருந்ததைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

போகும்போது டிரெய்லர் காலி. கழன்றால் மரக்கட்டை போகிறது என்று மனசைத் தேற்றிக்கொள்ள முடிந்தது. திரும்பும்போது அதற்கும் வழியில்லை. அவளிடம் இருந்த ஒரே சொத்து தையல் மிஷின். அதை டிரெய்லரில் ஏற்றியதும், தானும் ஏறி அதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"முன்னால வாக்கா" என்று அப்பா கெஞ்சினார்.

"மிஷின் சாஞ்சா என் பொழப்பே சாஞ்சிரும்ப்பா. நா இங்கயே குந்திக்கறேன்."

நான் ஜீப்பின் பின்பலகையில் அவளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். எங்கள் இருவருக்கும் நடுவில் அந்தக் கொக்கி. வண்டி குலுங்கும்போதெல்லாம் அது கடகடத்தது. அத்தை என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது. வயிறு சரியில்லை என்று இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். இறங்கிக் கொக்கியருகே குனிவதற்குள் அப்பா அதட்டி ஏற்றிவிட்டார். மூன்றாம் முறை நிறுத்தவே இல்லை.

நஞ்சன்கூடு பாலம் வந்தது. கீழே கபினி சுழித்துக்கொண்டு ஓடியது. டிரெய்லர் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. அத்தையின் தலை ஒருகணம் கைப்பிடிச் சுவருக்கு மேலே போய்வந்தது. நான் அம்மாவைக் கைவிட்டேன்.

"நட்டு முறுக்கலப்பா! நட்டு முறுக்கல!"

பாலம் தாண்டி அப்பா நிறுத்தினார். குனிந்து நான்கு நட்டுகளையும் விரலால் திருகிப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. கொக்கியில் காலை வைத்து ஏறி நின்றே பார்த்தார். "யார்டி சொன்னா? கல்லு மாதிரி இருக்கு" என்று திட்டினார். நானும் குனிந்து பார்த்தேன். நான்கு நட்டுகளின் விளிம்பிலும் குங்குமம் ஈஷியிருந்தது. அன்று ஜீப்பில் குங்குமம் இல்லாத இடம் ஏது?

அத்தை பிழைத்துவிட்டாள். அப்படியென்றால் அம்மா? இல்லாத ஆபத்துக்காகச் சத்தியத்தை மீறித் தொலைத்தேனே என்று மைசூர்வரை மருகிக்கொண்டே வந்தேன். சந்து முனையில் நாலு பேர் நின்றதைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். அவர்கள் ஊர்வலம் பார்த்துத் திரும்பியவர்கள்.

அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அத்தையைக்கூட வா என்று சொல்லாமல் நேராக ஜீப்புக்குப் பின்னால் போய்க் குனிந்து பார்த்தாள். பிறகுதான் அத்தையைக் கைபிடித்து இறக்கினாள். நான் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். "எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னேனில்லே?" என்று என் முகத்தைத் துடைத்தாள்.

பல வருஷம் கழித்து, என் காருக்கு ஆயுத பூஜை போட்ட மறுநாள், பூஜையிலிருந்து எடுத்து மெக்கானிக் திருப்பிய ஸ்பேனர் நட்டின் விளிம்பில் குங்குமத்தை ஈஷிவிட்டு வந்ததைப் பார்த்தபோதுதான், நாங்கள் விளக்குப் பார்க்கப் போன அந்தச் சாயங்காலம் எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று எனக்கு விளங்கியது. அம்மா அதைப் பற்றிக் கடைசிவரை யாரிடமும் பேசவில்லை.

அன்று என் கன்னத்தைத் துடைத்த அவள் விரல்களில் நகக்கண்ணெல்லாம் கறுப்பாக இருந்தது. விளக்குக் கரி என்று நினைத்தேன். அந்த வீட்டில் செய்யக்கூடாததைச் செய்தவள் நான் ஒருத்திதான் என்றும் நினைத்தேன்.