கழுத்தைக் காட்டுங்க சாமி

திருச்செங்கோட்டிலிருந்து சேலம் போகும் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா என் நாவலைப் படித்துக்கொண்டிருந்தார். எழுதியவன் நான்தான் என்று சொல்லவில்லை. பாளையக்காரர் காலத்து அரக்க வேட்டைக்காரன் ஒருவனின் கதை அது; பக்கத்துக்குப் பக்கம் வெட்டு. அவருக்கு நரைத்த கொண்டை, மூக்கு நுனியில் கண்ணாடி. ரத்தம் தெறிக்கும்போதெல்லாம் ஒரு கடலை மிட்டாயைக் கடித்தார்.

வெட்டுவதற்கு முன் என் நாயகன் அரக்கனிடம், “கழுத்தக் கொஞ்சம் காட்டுங்க சாமி” என்பான். வெட்டுகிறவன் எதற்கு ‘ங்க’ போடுகிறான் என்று பதிப்பாசிரியர் அதை அடிக்கச் சொன்னார். மாதக்கணக்கில் சண்டை போட்டுக் காப்பாற்றிய வரி.

அந்த வரிக்கு வந்ததும் அம்மா புத்தகத்தை மூடிவிட்டார்.

“பயமா இருக்குதுங்களா?” என்றேன்.

“இத்தன நேரம் இல்லீங்க. அவன் கத்துனப்பெல்லாம் ஒன்னுந் தோணல. இப்ப மருவாதையாப் பேசறான் பாருங்க, இனி உட மாட்டான்.”

பேருந்தின் கூரைமேல் ஏறிக் கூவ வேண்டும்போல் இருந்தது எனக்கு.

சங்ககிரியில் இறங்க எழுந்தார். நடத்துநர் கத்தியும் நகராமல் ஓர் ஆள் படியை மறித்து நின்றான்.

“கொஞ்சம் வழி உடுங்க சாமி” என்றார் அம்மா, மெதுவாக.

அவன் துள்ளி விலகினான். என் கை தானாகப் போய்க் கழுத்தைத் தொட்டுப் பார்த்தது.