லக்கி பாம்பூவுக்கு ஊற்றிய தண்ணீர்

மகன் போன பிறகு எங்கள் வீட்டில் மனிதரைவிடக் கூடிய கவனிப்பு ஒரு கண்ணாடிப் போத்தலுக்குத்தான். அதற்குள் மூன்று தடிகள். லக்கி பாம்பூ. மூங்கிலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லையாம், பெயர் மட்டும் அப்படி. டவுனில் ஏதோ ஒரு கடையில் வாங்கி வந்து, புறப்படுகிற அன்று தாயின் கையில் கொடுத்து, "அம்மா, இது வாடாமல் பாத்துக்கொள்ளுங்கோ" என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டுப் போனான். விளையாட்டு அவனுக்கு. என் மனைவி அதையே பிடித்துக்கொண்டாள்.

அவன் போனது வெளிநாட்டுக்கு, ஏஜென்சிக்காரன் காட்டிய பாதையில். எங்கள் பக்கத்தில் இப்படிப் போகிறவர்களைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. போய்ச் சேர்ந்து அங்கேயிருந்து படம் வந்த பிறகுதான் சொந்தக்காரருக்கே தெரிய வரும். முன்கூட்டிச் சொன்னால் கண்ணூறு, நாவூறு பட்டுப் பயணம் தடைப்படும் என்ற பயம். நாங்களும் கொழும்பில் கோர்ஸ் செய்கிறான் என்று சொல்லி வைத்தோம். "காட்டுக்குள்ளாலை எல்லை கடக்கவேணும், கொஞ்ச நாளைக்குப் போன் எடுக்கேலாது" என்று கடைசியாகச் சொன்னவன்தான், பிறகு ஒரு சத்தமும் இல்லை. அந்தப் பயத்தை யாரிடம் போய்ச் சொல்வது? எல்லாம் அந்தப் போத்தலில் வந்து இறங்கியது.

அரியாலையில் எங்கள் கிணறு உவர். குடிக்கிற தண்ணீர் பவுசர் வண்டியில் வரும். அதில் ஒரு செம்பு எடுத்து, முழு நாளும் திறந்து வைத்து ஆறவிட்டுத்தான் செடிக்கு ஊற்றுவாள். அடி மட்டும் நனைய வேண்டும், வெயில் நேரே படக்கூடாது, போத்தலுக்குள் கிடக்கிற கூழாங்கற்களைத் தேய்த்துக் கழுவ வேண்டும். யூடியூப் பார்த்துப் படித்த வைத்தியம் எல்லாம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். புருசன் தேத்தண்ணி கேட்டால் காது கேட்காது, தடிக்குத் தண்ணீர் மாற்றுவதற்கு மட்டும் நேரம் தவறாது என்று புறுபுறுப்பேன். ஆனால் காலையில் அவள் எழும்புவதற்கு முன் போய், இலை ஏதும் பழுத்திருக்கிறதா என்று எட்டிப் பார்க்கிறவனும் நான்தான்.

பக்கத்து வீட்டுக்காரி ஒரு நாள் அதைக் கண்டுவிட்டாள். நல்லாய்த் தழைத்திருக்கிறது, நுனியில் ஒரு துண்டு வெட்டித் தாருங்கோ, நானும் வேர்ப்பிடிக்க வைக்கிறேன் என்று கேட்டாள். மனைவி பிறகு பார்ப்போம் என்று மழுப்ப, அவள் முகத்தை நீட்டிக்கொண்டு போனாள். பிள்ளை போய்ச் சேரும்வரை அதில் ஒருத்தரையும் கத்தி வைக்க விடமாட்டேன் என்று மனைவி என்னிடம் அடித்துச் சொன்னாள்.

மழை தொடங்கி, வளவுக்குள் வெள்ளம் நின்று வடிந்தது. டெங்குப் பயத்தில் சுகாதாரப் பகுதியினர் ஒழுங்கை ஒழுங்கையாக, வீடு வீடாக வந்தார்கள். மனைவி கோயிலுக்குப் போயிருந்த நேரம். பூந்தொட்டித் தட்டு, சிரட்டை, பழைய டயர் எல்லாம் பார்த்து முடித்து, கடைசியில் விறாந்தையில் நின்ற போத்தலுக்கு வந்தார்கள். தேங்கிய தண்ணீர், நுளம்பு முட்டையிடும், இப்பவே கொட்டுங்கோ என்றார்கள். அரசாங்கக் கந்தோரில் காலம் தள்ளிய ஆள் நான். சீருடையைக் கண்டால் கை தானாக வேலை செய்யும். கொட்டினேன். வெறும் போத்தலில் செடி நிற்கக்கூடாதே என்ற பதற்றத்தில் கிணற்றுத் தண்ணீர் வருகிற குழாயைத் திறந்து நிரப்பியும் வைத்தேன்.

சில நாளில் இலை நுனிகள் கருகின. பிறகு இரண்டு தடிகள் அடியில் மஞ்சளாகி, தொட்டால் அமுங்கின.

"என்னத்தை ஊத்தினனீங்கள்?" என்று மனைவி கேட்டாள்.

குழாய்த் தண்ணீர் என்றேன்.

"வெள்ளத்துக்குப் பிறகு கிணத்துக்குக் குளோரின் போட்டவங்களெல்லே."

சொல்லிவிட்டு அவள் போத்தலைக் கழுவத் தொடங்கினாள். திட்டியிருந்தால் நானும் திருப்பிக் கத்தி ஆறியிருப்பேன். அவள் கழுவிக்கொண்டே இருந்ததுதான் என்னைப் போட்டு வாட்டியது.

மஞ்சள் மேலே ஏறினால் முழுத் தடியும் போய்விடும். பச்சையாக இருக்கிற மேல் பகுதியைக் கணுவுக்குக் கொஞ்சம் கீழே வெட்டி, புதுத் தண்ணீரில் வைத்தால் கணுவிலிருந்து வேர் விடுமாம். அவளே சவரப் பிளேட்டைச் சுடுதண்ணீரில் கழுவி எடுத்து வந்தாள். தடியைப் பிடித்தாள், வைத்தாள், திரும்பப் பிடித்தாள்.

"நீங்கள் வெட்டுங்கோ. என்னாலை ஏலாது."

சாமி, சாத்திரம் என்று எதையும் நம்பாத ஆள் நான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்றைக்கு நான் பயந்த பயம் சண்டை நடந்த ஷெல்லடிக் காலத்தில்கூடப் பயந்ததில்லை. வெட்டினேன். அழுகிய அடிகளைக் காகிதத்தில் சுற்றி எறியப் போனபோது, குப்பைக்குள் போடாதேங்கோ என்றாள். மாமரத்தடியில் கிடங்கு வெட்டித் தாட்டேன்.

நாள் போகப் போக வேரும் வரவில்லை, அழைப்பும் வரவில்லை. போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்போம், வைப்போம். ஏஜென்சிக்காரனின் போனும் நின்றுவிட்டது. என் பயமெல்லாம் கோபமாகத் திரும்பியது. சொல்லச் சொல்லக் கேட்காமல் போனவன், எடுக்கட்டும், கிழித்துத் தொங்கவிடுகிறேன் என்று குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் அவனுக்கு ஏச்சு அடுக்கிக்கொண்டிருந்தேன்.

ஒரு காலை, அவள் கிணற்றடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது, தெரியாத நம்பரில் இருந்து போன் வந்தது.

"அப்பா."

சளி பிடித்து அடைத்த குரல். ஆனாலும் அவன்தான்.

"எல்லையிலை பிடிச்சிட்டாங்கள். முகாமிலை இருக்கிறன். குளிருக்குக் கால் விரல் விறைச்சுப்போச்சு, மருந்து கட்டியிருக்கு. திருப்பி அனுப்பப் போறாங்களாம். ஏசாதேங்கோ அப்பா."

போனைக் காதோடு இறுக்கிப் பிடித்தேன்.

"ஏசேல்லையடா. நீ கதை. கதைச்சுக்கொண்டிரு."

என்னத்தைக் கதைக்கிறது என்று கேட்டான். என்னத்தையெண்டாலும் கதை என்றேன். அதற்குள் அவள் மீன் கையோடு ஓடி வந்து, போனின் மறுபக்கத்தில் காதை ஒட்டிக்கொண்டாள். அவன் அங்கே கொடுக்கிற சூப்பைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான். அதில் உப்பே இல்லையாம். நாங்கள் இரண்டு பேரும் மூச்சுக்கூட விடாமல் கேட்டுக்கொண்டு நின்றோம்.